பதினேழாம் நம்பர் பை

ஜன்னல் துடைக்கப் பழந்துணி தேடியபோது அந்த மஞ்சப்பை கையில் வந்தது. உதறினேன். தையல் மூலையிலிருந்து ஒரு வேங்கைக் காய் விழுந்தது. வட்டமாய், சிறகு விளிம்போடு, பொரிக்காத சின்ன அப்பளம் போல. பாப்பா ஓடிவந்து அதை வாயில் வைக்கப் போனாள். பிடுங்கிக்கொண்டேன். பையின் மேல் மார்க்கர் பேனாவில் உன் கையெழுத்து: 17.

இப்போது அவள் மதியத் தூக்கத்தில் இருக்கிறாள். நெற்றி சுடுகிறதா என்று இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். நீ போய் இரண்டு வருஷம் கழித்து எழுதும் கடிதம். இதைத் துக்கக் கடிதம் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்மேல் எனக்குப் பொறாமை இன்னும் தீரவில்லை.

ஒரே கல்லூரி, ஒரே பாட்டனி வகுப்பு, ஒரே நாளில் பென்னாகரம் நர்சரியில் வேலை. மரம் வெட்டி மொட்டையாகிப் போன கரட்டுக் குன்றில் மறுபடி நடுவதற்கு வேங்கைக் கன்று வேண்டும் என்றார் நர்சரி சார். ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டோம். நான் ஒகேனக்கல் ரோட்டோரம் நிற்கும் அந்த நெட்டை வேங்கைக்குப் போனேன். வளைவே இல்லாத அடிமரம், கொத்துக் கொத்தாகக் காய். ஒரே மத்தியானத்தில் இரண்டு சாக்கு. நீயோ மாசி முழுக்க நடந்தாய். ஒரு மரம், அதிலிருந்து நெடுந்தூரம் தள்ளி இன்னொரு மரம். கோணல், குட்டை, இடி விழுந்து பாதி கருகியது, எதையும் விடவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கைப்பிடி. மரத்துக்கொரு பை, பைக்கொரு நம்பர், நோட்டில் அதற்குப் போகும் வழி.

“எதுக்குடி இந்தக் கூனனை எல்லாம் பொறுக்கற?” என்று கேட்டேன்.

“இருக்கட்டும்டி. ஒரு மரத்துப் புள்ளைங்களே நெறைஞ்சா அது காடு இல்ல, ஒரே வூடு. அந்த வூட்டுக்கு ஒரு சீக்கு வந்தா அல்லாரும் படுத்துக்குவாங்க.”

என் கன்றுகள் பள்ளிக்கூடப் பிரேயர் வரிசை மாதிரி ஒரே உயரத்தில் வளர்ந்தன. வந்தவர்கள் அவற்றின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். உன் பாத்தியைப் பார்த்த சார், “என்னம்மா இது, ஒண்ணு ஒட்டகம், ஒண்ணு ஆமை?” என்றார். “ரெண்டும் நடக்கும் சார்” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான், கொஞ்சம் அதிகமாகவே.

நட்ட மறுவருஷம் மழை ஏமாற்றியது. பின்னாலேயே புழு வந்தது. ஏழு மாத வயிற்றோடு கரடு ஏறிப் பார்த்தேன். ஒன்றுபோல வளர்ந்த என் கன்றுகள் ஒன்றுபோலவே கருகிக் கிடந்தன. உன் பக்கம் பாதி போயிருந்தது, பாதி பச்சை. சார் உன்னைத்தான் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். நீ என்னிடம் வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாய். “ஒக்காருடி, வயித்துப்புள்ளக்காரி. இந்த வெயில்ல எதுக்கு ஏறி வந்த?” கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பாப்பாவுக்கு ஐந்து மாதம் ஆனபோது, மூன்று நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். உன் அம்மா அந்த நோட்டை ஒரு மஞ்சப்பையில் சுற்றி என்னிடம் கொடுத்தார். “ரெண்டு பேரும் ஒண்ணாத் திரிஞ்சவங்க, நீயே வெச்சுக்க சாமி.”

வைத்துக்கொண்டேன். பை பழந்துணி மூட்டைக்குள், நோட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில். கொடுத்தால் ‘அந்தப் பொண்ணோட மரங்கள்’ என்று நர்சரியே சொல்லும். அதைக் கேட்க எனக்கு மனசில்லை. நான் பாப்பாவோடு வீட்டிலேயே இருந்துவிட்டேன்; வழி தெரியாததால் நர்சரிக்காரர்கள் என் ரோட்டோர மரத்திலேயே காய் பொறுக்கினார்கள். இரண்டு மாசி அப்படியே போயிற்று. போன வாரம் சார் போன் செய்தார். “அடுத்த கரட்டுக்கும் கன்னு கேக்கறாங்கம்மா. அந்தப் பொண்ணு எங்கெங்க பொறுக்குச்சுன்னு உனக்கு ஏதாச்சும் ஞாபகம் இருக்குதா?”

“இல்லைங்க சார்” என்றேன். பாப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்று பையைப் பார்த்த பிறகுதான் நோட்டை முதல்முறையாகப் பிரித்தேன். முப்பத்தொரு மரம். ‘பாறைக்குப் பின்னாடி, கூனன்.’ ‘ஓடை தாண்டி. தேன்கூடு இருக்கு, பாத்துப் போகணும்.’ பதினேழில் இப்படி எழுதியிருந்தாய்: ‘ஒகேனக்கல் ரோடு. இவ மரம். ஒரு கைப்பிடிக்கு மேல எடுத்தா கோவிச்சுக்குவா.’

சிரித்துவிட்டேன். நீ எடுத்தது அன்றே தெரிந்திருந்தால் ஒரு கைப்பிடிக்கே கோபித்துக்கொண்டிருப்பேன்.

முப்பத்தொன்றையும் இரண்டு தடவை படித்தேன். ‘என் மரம்’ என்று எதையாவது எழுதியிருக்கிறாயா என்று தேடினேன். இல்லை. ஆள் சேர்த்து எழுதிய மரம் என்னுடையது ஒன்றுதான்.

சாருக்குப் போன் போட்டு, பொய் சொன்னதையும் சொல்லிவிட்டேன். “நாளைக்கே கொண்டாம்மா. ரெண்டு வருசத்துல அதுல எத்தனைய வெட்டிப்புட்டாங்களோ.” நாளைக் காலை பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். ஒன்றாம் மரத்திலிருந்து நானும் நடப்பேன். நோட்டைக் கொடுத்துவிடுவேன், பதினேழாம் பையை மட்டும் கொடுக்க மாட்டேன். அது என் தோளில் கிடக்கும்.

நோட்டின் அட்டையில் உன் பேரை எழுதினேன். கீழே என் பேரையும், அதே அளவு எழுத்தில். உனக்கென்று ஒரு மரம்கூட வைத்துக்கொள்ளாமல் போக உன்னால் முடிந்திருக்கிறது. என்னால் இந்த அட்டையைக்கூட முழுதாக உனக்கு விட்டுக்கொடுக்க முடியவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் பொறாமை.