மேல் இரண்டு பலகைகள்

கடற்கரை வீதி,
யாழ்ப்பாணம்.
2.8.1992

அன்பின் அண்ணைக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். இந்த நாட்களில் சுகம் என்றால் அதுதான். உங்கள் இருமல் எப்படி? நான்கு மாதமாகக் கடிதமில்லை. எல்லாப் பழியையும் தபால் கொண்டுவரும் கப்பல் மேல் போடாதீர்கள்.

ஒரு விடயம் கேட்க வேண்டும். விமானம் வந்தால் பிள்ளைகள் பதுங்க, நான் படிப்பிக்கிற பாடசாலை முற்றத்தில் பெற்றோர் பங்கர் குழி வெட்டிவிட்டார்கள். கூரைக்குக் குறுக்கே போட இரண்டு மரம் குறைகிறது. பனங்குற்றி எங்கும் இல்லை. இரண்டாம் வகுப்பு ஸ்ரெல்லாவின் தகப்பன் கனிசியஸ், மீன்பிடிக்கிறவர், சொன்னார்: “ரீச்சர், வாய்க்கால் வாயிலை கடலை மறிக்கிற மதகிலை அஞ்சு பலகை ஒண்டுக்கு மேலை ஒண்டா நிக்குது. மேல் ரெண்டும் சும்மா வெயில் காயுது. கடல் உதுகளைத் தொட்டதை ஆர் கண்டது?”

இருபத்திரண்டு வருடம் அந்த மதகைக் காத்தவர் நீங்கள். உங்கள் சொல் இல்லாமல் தொட விடமாட்டேன் என்றேன். ஓம் அல்லது இல்லை, ஒரு சொல் எழுதுங்கள்.

அன்புத் தங்கை,
தேவமலர்


லண்டன்.
9.9.1992

அன்புள்ள மலர்,

ஓம். எடுக்கச் சொல்.

கனிசியஸ் சொன்னது சரி. ஒவ்வொரு மாரியிலும் கடல் ஏறிய உயரத்தை மதகுச் சுவரில் உளியால் கோடு வெட்டி வைத்தேன். எல்லாவற்றிலும் உயர்ந்தது 1964 புயல் கோடு. அதுவே மூன்றாம் பலகையின் மேல்விளிம்புக்கு இரண்டு விரல் கீழே. மேல் இரண்டும் என் பயத்துக்குப் போட்டவை. பிள்ளைகளின் தலைக்கு மேல் இருக்கட்டும்.

இங்கே தேம்ஸ் ஆற்றுக்குக் குறுக்கே பெரிய இரும்புக் கதவுகள் போட்டிருக்கிறார்கள். மகன் கூட்டிப் போனான். கடல் வருடா வருடம் உயர்கிறதாம், நகரத்தைக் காக்கவாம் என்று அங்கே நின்ற ஒருவர் சொன்னார். “உங்கடை கடல் வேறை, எங்கடை கடல் வேறை” என்றேன். அதை ஆங்கிலத்தில் சொல்ல மகன் வெட்கப்பட்டான்.

இருமல் குறைவு. விமானம் திரிகிற நேரம் மேலிருந்து தெரிகிற உன் வெள்ளைக் குடையோடு வீதிக்கு இறங்காதே.

அண்ணை,
அன்புராஜா


யாழ்ப்பாணம்.
27.11.1992

அண்ணை,

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குக் குண்டுவீச்சு விமானம் வந்தது. இருபத்தெட்டுப் பிள்ளைகளோடு பங்கருக்குள் இறங்கினேன்.

சிறிது நேரத்தில் படிகளால் தண்ணீர் வந்தது. மழைவெள்ளம் என்று நினைத்தேன். உள்மூலையிலிருந்து ஸ்ரெல்லா, “ரீச்சர், தண்ணி உப்பாக் கிடக்கு” என்றாள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. “கதையாதை பிள்ளை” என்றேன். மேலே விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே எடுப்பதா, உள்ளே வைத்திருப்பதா என்று தெரியாமல் ஐந்து நிமிடம் நின்றேன். தண்ணீர் என் இடுப்பைத் தொட்ட பிறகுதான் பிள்ளைகளை மேலே தள்ளினேன். முற்றத்தில் எண்ணினேன். இருபத்தேழு. ஸ்ரெல்லா இல்லை.

விமானம் அன்று ஒன்றும் போடவில்லை.

புயலும் இல்லை அண்ணை. அமாவாசைப் பெருக்கு, கொஞ்சம் வாடைக்காற்று, அவ்வளவுதான். கடல் மூன்றாம் பலகைக்கு மேலால் வாய்க்காலுக்குள் விழுந்து வீதியை மூடிவிட்டது. பதினொரு கிணறு உப்பு.

நேற்று மதகுச் சுவரைப் போய்ப் பார்த்தேன். உங்கள் கடைசிக் கோடு 1979. அதற்குப் பிறகு யாரும் வெட்டவில்லை. ஈரத்தின் தடம் உங்கள் புயல் கோட்டுக்கு மேல் ஆறு விரல். நான்காம் பலகை நின்றிருந்தால் போதும்.

பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்து, கனிசியஸ் அந்த இரண்டு பலகைகளையும் கூரையிலிருந்து கழற்றித் தோளில் சுமந்துபோய் மதகில் இறக்கினார். உங்களைக் குறை சொல்லவில்லை. ஒன்றே கேட்டார்: “ரீச்சர், அண்ணையைக் கேளுங்கோ, இன்னும் எத்தினை பலகை வேணும்?”

உங்கள் கோடுகளை நினைத்துப் பதில் எழுத வேண்டாம். அந்த இரும்புக் கதவடியில் நின்ற மனிதரிடம் திரும்பப் போங்கள். அவரைக் கேட்டு எழுதுங்கள்.

மலர்