சமையலறைச் சுவரில் இருந்த பன்றி

ஆர்டீசியா
4 பிப்ரவரி 1974

அன்புள்ள வெர்னன் சார்,

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். என் மகள் லூர்து எழுதவில்லை, பாதிரியார் எழுதவில்லை. உங்கள் ஸ்டூடியோவில் இருபத்தெட்டு வருஷம், கார்ட்டூன் வரைந்த கண்ணாடித் தாளை மறுபடி வரையக் கழுவிக் கொடுத்த அன்சல்மோ கூலார்ட், எழுபத்திரண்டு வயதில் தன் கையால் எழுதுகிறேன். இதுவரை வருவதற்கே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. நாக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டினால்தான் எழுத்து நேராக வருகிறது.

செவ்வாயும் வியாழனும் நூலகத்தில் வகுப்பு. மிஸஸ் ஓகாவா சொல்லிக்கொடுக்கிறார். முதல் நாளே, "பென்சில் கழுத்தை இப்படி நெரிக்காதீங்க மிஸ்டர் கூலார்ட், அது ஒண்ணும் ஓடிப்போகாது" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். தெருவில் எழுதியிருப்பதையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டு நடந்தேன்.

அப்புறம்தான் அருவருப்பு தொடங்கியது சார். இந்த ஊர்ச் சுவர்களில் ஏதோ பெரிய விஷயம் எழுதியிருக்கிறது என்று இத்தனை வருஷம் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு போனேன். வாங்கு, வாங்கு, வண்டி நிறுத்தாதே, துப்பாதே. இவ்வளவுதானா? பதினைந்து வருஷமாக நான் தின்னும் டப்பா இறைச்சியில் பன்றி உதடு கலந்திருக்கிறதாம், அடியில் பொடி எழுத்தில். மிச்சமிருந்த ஆறு டப்பாவையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குப்பையில் போட்டேன். பத்திரிகையில் பெரிய மனிதர்கள் சொன்னது முதல் பக்கத்தில், அப்படிச் சொல்லவே இல்லை என்பது நாலாம் பக்கத்தில். சீ! தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும். ஆனாலும் மறுநாள் முதல் ஆளாக வகுப்பில் உட்கார்ந்திருப்பேன்.

நூலகத்தில் கார்ட்டூன் படங்களைப் பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது. அதில் உங்களைப் பற்றி ஆறு பக்கம்! இரண்டு வாரத்தில் படித்து முடித்தேன். பத்தொன்பது வயதில், இரண்டு அசைவுக்கு நடுவில் வரும் இடைப்படங்கள் வரையச் சேர்ந்தது, ஐந்தே வருஷத்தில் தனி மேசையும், தன் முகபாவத்தைப் பார்த்து வரைய ஒரு கண்ணாடியும் கிடைத்தது, எல்லாம் இருக்கிறது. ஆனால் எழுதியவர் உங்கள் தாளைக் கையால் தொட்டவர் இல்லை என்று தெரிகிறது. ஏதேதோ பெரிய வார்த்தை போடுகிறார். உங்கள் நெருப்புக்கோழி சடக்கென்று திரும்பும், கொட்டகையே சிரிக்கும். அந்தச் சடக்குக்குள் ஒரு படம் இருக்கிறதே, மூன்று மூக்கு, ஏழு கண், பிசைந்த மாவை இழுத்தது போன்ற உடம்பு, அது யாருக்குத் தெரியும்? கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். அதை நிறுத்திப் பார்த்து, பிறகு வெந்நீரில் போட்டுக் கழுவியவன் நான். உங்கள் பாணி என்ன என்று என்னைக் கேட்டிருந்தால், மற்றவர்கள் உடம்பை வரைந்தார்கள், இவர் உடம்பு போன வழியை வரைந்தார் என்று சொல்லியிருப்பேன்.

1937 கிறிஸ்துமஸ் விருந்தில் நீங்கள் எனக்குக் கொடுத்த படம் இன்னும் சமையலறைச் சுவரில்தான் இருக்கிறது. தொட்டி முன்னால் திரும்பும் பன்றி, அந்த ஒரு தாளில் மட்டும் என் முகம். கீழே நீங்கள் எழுதியதை அன்று நாற்காலிமேல் ஏறி நின்று எல்லாருக்கும் படித்துக் காட்டினீர்கள். "அன்சல்மோவுக்கு: உன் கைகள் இல்லையென்றால் எங்களில் யாருக்கும் தொடங்க ஒரு சுத்தமான தாள் கிடைக்காது." எனக்கு மனப்பாடம். ஆனால் கண்ணால் படித்ததில்லை. நீங்கள் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். கூட்டெழுத்து எங்களுக்கு அடுத்த மாதம்தான். படித்த அன்றே உங்களுக்கு எழுதுவேன்.

நான் அனுப்பிய பாலாடைக்கட்டி வந்து சேர்ந்ததா? இந்த வருஷம் என் தம்பி உப்பைக் கொஞ்சம் கூட்டிவிட்டான். மன்னிக்கவும்.

என்றும் உங்கள்
அன்சல்மோ


கார்மெல்
13 பிப்ரவரி 1974

அருமை அன்சல்மோ,

உன் கடிதத்தைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் தடவை படித்தேன். கிழவா, நீ எழுதுகிறாய்! எனக்கோ கை நடுங்குகிறது. ஒரு வட்டம் போட்டால் உருளைக்கிழங்கு வருகிறது. உன் பாலாடைக்கட்டி வந்தது. உப்பு சரியாகத்தான் இருந்தது.

நானே உனக்கு எழுதுவதாக இருந்தேன். கிழக்கே ஒரு அருங்காட்சியகத்தில் மே மாதம் என் படங்களைக் கண்காட்சி வைக்கிறார்கள். நாற்பது வருஷ வேலை. ஆனால் வைப்பதற்கு என்ன இருக்கிறது? காகிதப் படங்களை ஸ்டூடியோ எரித்தது, தாள்களை நீ கழுவினாய். சலவைக்காரப் பன்றிப் படத்தில் மிஞ்சியிருப்பது உன் சுவரில் இருக்கும் அந்த ஒன்றுதான். வேடிக்கையாக இல்லை?

அதை எனக்கு அனுப்பிவிடு. இந்த வாரமே அனுப்பினால் நல்லது. சட்டத்திலிருந்து எடுக்காதே, பழைய தாள், உடைந்துவிடும். கூட்டெழுத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதே. என் கையெழுத்து எனக்கே புரியாது. அதற்குப் பதிலாக நெருப்புக்கோழி ஒன்று புதிதாக வரைந்து தருகிறேன், கொட்டை எழுத்தில் உன் பெயர் போட்டு.

உன் பழைய நண்பன்
வெர்னன்


ஆர்டீசியா
19 மார்ச் 1974

வெர்னன் சார்,

படித்துவிட்டேன்.

உங்கள் கையெழுத்து நன்றாகவே புரிகிறது. போன சனிக்கிழமை காலை காப்பியை அடுப்பில் வைத்துவிட்டு நாற்காலிமேல் ஏறினேன். முதலில் என் பெயர் வரும் என்று தேடினேன். இல்லை. பிறகு ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துக்கொண்டு போனேன். "எங்கள் தொட்டிப் பன்றி. இதற்குப் படிக்கத் தெரியாது. கொடுத்துப் பாருங்கள், நன்றி சொல்லும்."

காப்பி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

நான்தான் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன். புதிதாகப் படிப்பவன் அல்லவா? ஒரு காகிதத்தில் அப்படியே எழுதி மிஸஸ் ஓகாவாவிடம் கொண்டுபோனேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை எங்கேயிருந்து எழுதிட்டு வந்தீங்க?"

"சுவத்துல இருந்து."

"யார் வீட்டுச் சுவத்துல?"

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன் சார்.

லூர்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அதை முதல்ல படிச்சப்ப எனக்கு ஒம்பது வயசு அப்பா" என்றாள். "வர்றவங்க எல்லாரையும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டுவீங்க. அம்மா ஈஸ்டருக்கு ஈஸ்டர் அதுக்குப் பூ வைப்பா. நான் எந்த வாயால சொல்ல? கண்ணாடி கண்ணைக் கூசுது, வேற எங்கேயாவது மாட்டலாம்னு எத்தனை தடவை சொன்னேன்!"

உண்மைதான், சொன்னாள். நான்தான் கேட்கவில்லை.

என் பெண்டாட்டி பிலொமினா அந்த வாசகத்தை, நீங்கள் வாயால் சொன்னதை, கேட்டுக் கேட்டுத் தனக்கும் மனப்பாடம் என்பாள். அப்படியே நம்பித்தான் செத்தாள். இப்போது யோசிக்கிறேன். என் மேசையில் எத்தனை பேர் சாப்பிட்டிருப்பார்கள்? மைத்துனன், பாதிரியார், பக்கத்து வீட்டு மனிதர்கள். சூப்பை ஊதிக் குடித்துக்கொண்டே அதைப் படித்திருப்பார்கள். என் முகத்தைப் பார்த்திருப்பார்கள். நாலு நாளாக அந்த மேசையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்து தின்கிறேன்.

அன்றைக்கு விருந்தில் நாற்பது பேர் சிரித்தார்கள். எனக்காகச் சந்தோஷப்படுகிறார்கள் என்று நானும் சிரித்தேன். மூன்று தடவை நன்றி சொன்னேன். எண்ணிப் பார்த்தேன், மூன்று தடவை. அதற்குப் பிறகு வருஷாவருஷம் பாலாடைக்கட்டி.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏன் மாற்றிப் படித்தீர்கள்?

அன்சல்மோ கூலார்ட்


கார்மெல்
28 மார்ச் 1974

அன்சல்மோ,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. எனக்கும் தூக்கம் இல்லை.

எங்கள் கூட்டம் எப்படி என்று உனக்குத் தெரியும். முதலாளியை நான் உண்ணியாக வரைந்தேன். என்னைத் தொப்பி போட்ட சாராயப் பாட்டிலாக வரைந்து கழிப்பறைக் கதவில் ஒட்டினார்கள். அசிங்கமாக வரைவதுதான் எங்கள் பாசம். யாரும் வரையாத ஆள் எங்களில் ஒருவன் இல்லை என்று அர்த்தம். உன்னை நான் வரைந்தேன். அதையும் நினைத்துப் பார்.

ஏன் மாற்றிப் படித்தேன் என்கிறாய். நீ அதை இரண்டு கையாலும் வாங்கி, "என்ன சார் எழுதியிருக்கீங்க?" என்று கேட்டாய். உன் முகத்தைப் பார்த்தேன். இருந்ததைப் படிக்க வாய் வரவில்லை. அந்த இன்னொரு வாசகம் தானாக வந்தது. அதில் பாசம் இல்லையா?

மன்னித்துக்கொள். முப்பத்தாறு வருஷத்துக்கு முந்திய ஒரு சிரிப்பு. இருந்தாலும் கண்காட்சி ஆட்கள் உன் படத்துக்காகச் சுவரில் இடம் விட்டுவிட்டார்கள். அது இல்லாமல் நான் என்ன செய்தேன் என்று யாருக்கும் காட்ட முடியாது. கீழ்ப்பகுதி சட்டத்துக்குள் மறைந்துவிடும். எழுத்து ஒருவர் கண்ணிலும் படாது. பழைய சிநேகிதத்துக்காகவாவது அனுப்பு.

வெர்னன்


ஆர்டீசியா
9 ஏப்ரல் 1974

வெர்னன்,

தாளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சட்டத்துக்குள் மறைத்துவிடலாம் என்ற இடத்தில் எனக்கு வாந்தி வந்தது. பன்றி என்று எழுதிய இடத்தில்கூட அப்படி வரவில்லை. நான் தொட்டி முன்னால் நின்றவன்தான். என் காது அப்படித்தான், முதுகு அப்படித்தான், அவசரமாகத் திரும்பினால் என் வாய் அப்படித்தான் இழுத்துக்கொண்டு போகும். படம் பொய் சொல்லவில்லை. உன் கை என்றைக்கும் பொய் சொன்னதில்லை.

பாசம் இல்லையா என்று கேட்டாய். அந்த இன்னொரு வாசகத்தை ஒரு வாரம் யோசித்தேன். நல்ல வாசகம். அதை எழுதிவிட்டு, பன்றி என்று படித்திருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து சிரித்திருப்பேன். வீட்டுக்குப் போனதும் யாராவது உண்மையைச் சொல்லியிருப்பார்கள். நீ கெட்டதை எழுதிவிட்டு நல்லதைப் படித்தாய். உன்னைத் தொப்பி போட்ட பாட்டிலாக வரைந்தவனை உன்னால் திருப்பி வரைய முடிந்தது. என்னால் என்ன முடியும், நன்றி சொல்வதைத் தவிர?

இன்று காலை வெந்நீர் போட்டேன். கை மறக்கவில்லை. முதலில் வண்ணம் பூசிய பின்பக்கம்: சிவப்பு, பிறகு பழுப்பு, பிறகு வெள்ளை, ஒவ்வொன்றாகத் தோல் உரிவது போலக் கழன்றது. பன்றி போயிற்று, என் முகமும் போயிற்று. முன்பக்கம் மைக்கோடு கொஞ்சம் அடம் பிடித்தது, எப்போதும் போல. துணியால் ஒற்றிக் காய வைத்தேன். ஒரு கீறல்கூட என் கையால் விழவில்லை.

ஆனால் உனக்கும் தெரியும், பேனா முள்ளை அழுத்தினால் தாளில் பள்ளம் விழும். அது எந்தத் தண்ணீருக்கும் போகாது. அப்படி விழுந்த தாளை உதவாது என்று தனியாக எடுத்துவைப்பேன், ஞாபகம் இருக்கிறதா? ஸ்டூடியோவில் படத்துக்கு மைக்கோடு போட்ட பெண்களின் கை லேசான கை. என் முகம் தடமில்லாமல் போய்விட்டது. உன் எழுத்து மட்டும் போகவில்லை. நீ அன்று நன்றாக அழுத்தி எழுதியிருக்கிறாய். தாளைச் சன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடி. மூன்று வாக்கியமும் தெரியும்.

அவர்கள் விட்ட இடத்தில் மாட்டிக்கொள். யாராவது என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், இந்தத் தடவை இருக்கிறபடி படி.

எனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. இன்று உலகப் படம் வைத்து ஊர்ப் பெயர்கள். அசோர்ஸ் தீவில் நான் பிறந்த ஊரின் பெயரை நானே தேடிக் கண்டுபிடிக்கப்போகிறேன்.

இனி பாலாடைக்கட்டி வராது.

அன்சல்மோ கூலார்ட்