பாலைவனத்துக்குப் போன கம்பளிக் காலுறைகள்

அன்பு மகன் இன்-கோலுக்கு, உன் தகப்பன் கடலோடு போன பிறகு உன்னை வளர்த்த மகாபாக்கியவான் பெரியப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் பெரியம்மாவும் இரண்டு பன்றிகளும் சுகம், பன்றிகள் எங்களைவிடச் சுகம். சியோலில் நீயும் உன் ஞானமும் அவ்வாறே சுகமாயிருப்பீர்களாக, ஞானம் கொஞ்சம் இளைத்தாலும் பாதகமில்லை.

கடிதம் கிடைத்தது. இறையியல் கல்லூரியில் கிறிஸ்தவ ஒழுக்கவியலில் நீதான் முதலாவதாமே, கேள்விப்பட்டு நம் கடல் மீனெல்லாம் கரையேறி வந்து வாழ்த்திவிட்டுப் போயின. ஆனால் அறுவடைத் திருநாளுக்கு வந்தபோது நீ ஆலயத்தில் செய்த வீரச்செயலைக் கட்டுரையில் உதாரணமாக எழுதப்போகிறாய் என்று படித்ததும் பெரியம்மா கையிலிருந்த முள்ளங்கி கீழே விழுந்தது. என்ன வீரம் அது? சுன்-ரே அத்தை வழக்கம்போல எழுந்து, சவுதில கட்டட வேலை பாக்குற எம்மவன் தோக்-பேவுக்காக ஜெபிங்க, வெயில் தாங்கலையாம் என்றாள். ஜெபம் நடத்த நின்ற நீயோ, ஆண்டவரே, படகு எஞ்சின் திருடிச் சிறையிலிருக்கும் தோக்-பேயை நினைத்தருளும் என்று கணீரென்று முழங்கினாய். பொய்க்குத் துணைபோகக் கூடாது என்று உன் பாடத்தில் இருக்கிறதாம்.

அட மேதையே, அவன் இருக்கும் இடம் ஊரில் எவனுக்குத் தெரியாது? எஞ்சினைப் பறிகொடுத்த மூப்பர் தாக் அவர்களே வாராவாரம் சவுதி வெயிலுக்காக உருகி உருகி ஜெபித்தார். நான் ஜெபித்த ஜெபத்துக்கு அரேபியாவில் பனி கொட்டி ஒட்டகங்களுக்கெல்லாம் ஜலதோஷம் பிடித்திருக்கும். குளிர்காலம் வந்தால் மாதர் சங்கம் உட்கார்ந்து அவனுக்குக் கம்பளிக் காலுறை பின்னுமே, பாலைவனத்துக்கு எதுக்குடி கம்பளி என்று ஒருத்தியாவது வாய் திறந்தாளா? உன் பெரியம்மாதான், குதிகால் பக்கம் இன்னும் தடிமனா போடுங்கடி, சவுதித் தரை சில்லுன்னு இருக்கும் என்றாள். இதை உன் பேராசிரியர் எந்தப் பாடத்தில் சேர்ப்பார், கேட்டு எழுது.

நீ முழங்கியதும் மூப்பர் தாக் இருமிய இருமலில் ஜப்பான்காரன் தூக்கம் கலைந்திருக்கும். அன்றிலிருந்து சபை மொத்தமும் செவிடு. என்ன ஜெபிச்சான் பையன், ஒண்ணும் காதுல விழலையே என்று நாங்கள் சுன்-ரே வாசலில் போய்ப் போய்ச் சொன்னோம். உங்க எல்லாருக்கும் காது நல்லா கேக்கும்க்கா என்று பெரியம்மாவிடம் ஒரே வார்த்தை சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆலயத்துக்கு வருவதில்லை. குளிர்கால கிம்ச்சி ஊறுகாய்க்கு வாங்கிய கோஸ் அவள் முற்றத்தில் உப்பு காணாமல் கிடக்கிறது. மொக்போ பட்டணத்தில் தங்கை வீட்டோடு போய்விடப் போகிறாளாம். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் தோக்-பே விடுதலையாகி வருகிறான். பூட்டிய வீட்டுக்கு வருவான், அதையும் உன் கட்டுரையில் அடிக்குறிப்பாகப் போட்டுக்கொள்.

அதனால் புத்தகத்தை மூடிவிட்டு வருகிற சனிக்கிழமையே பேருந்து ஏறு. மன்னிப்பு கேட்கிறேன் என்று அங்கேயும் ஒரு பிரசங்கம் வைத்தாயோ, பன்றிகளை அவிழ்த்துவிடுவேன். நேரே அவள் முற்றத்தில் உட்கார்ந்து கோஸுக்கு உப்புப் போடு, விரட்டினாலும் எழாதே, திட்டினால் நன்றாக வாங்கிக்கொள். அவளாகக் கதவு திறந்த பிறகு, தோக்-பே அண்ணன்கிட்டயிருந்து கடுதாசி வந்துச்சா அத்தை என்று மட்டும் கேள். அவன் வரும் நாளில் பேருந்து நிறுத்தத்தில் அவள் பக்கத்தில் நீ நிற்கவேண்டும். அவன் இறங்கியதும் முதல் ஆளாக, அண்ணே, சவுதில வெயில் எப்படி என்று கேள். அவன் எது சொன்னாலும் ஆமென் சொல். அந்தப் பரீட்சையில் தேறினால் நீ போதகன், இல்லையென்றால் வெறும் முதல் மாணவன்தான்.

குளிர் கடுமையாயிருக்கிறது, காதை மூடிக்கொண்டு வா, வாயையும். கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன் அறிவை உன் நாக்குக்குக் கொஞ்சம் தள்ளியே வைப்பாராக. ஒன்றை மறந்துவிடாதே, நிறுத்தத்தில் கேட்கும்போது உரக்கக் கேள், நாங்களெல்லாம் காது மந்தமானவர்கள்.

இப்படிக்கு,
இரு பன்றிகளின் அதிபதியும் உன் பெரியப்பாவுமான
மா பான்-சிக்