அரைப்பேருக்குப் பிறந்த பாட்டு

ராக்கு,

இன்று அட்டன் கடைவீதியில் ஒரு பனியனைப் பார்த்தேன். கறுப்புப் பனியன். நெஞ்சில் வெள்ளை எழுத்தில் 'பேரப் போடு' என்று பெரிதாகத் தமிழில் இருந்தது; அதற்குக் கீழே அதையே சிங்கள எழுத்திலும் போட்டிருந்தார்கள். கடை வாசலில் கம்பியில் தொங்கி, காற்று வரும்போதெல்லாம் உள்ளே ஆள் இருக்கிற மாதிரி உப்பியது. மரக்கறி வாங்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"எல்லா சைஸும் இருக்கு அக்கா. மகனுக்கா?" என்றான் கடைத் தம்பி.

"இது என்னா தம்பி எழுதியிருக்கு?"

"பாட்டு அக்கா. கொழும்புப் புள்ளைங்க பாடின ராக் பாட்டு. கேட்டதில்லையா? பஸ்ஸு, ஆட்டோ எல்லாத்துலயும் ஓடுதே."

"கேட்டிருக்கேன். பேரப் போடுன்னா என்னா?"

"நம்ம பேரச் சொல்லு, நம்மள மறைக்காதன்னு அர்த்தம். உரிமைப் பாட்டு அக்கா இது."

டவுனில் வளர்ந்த பிள்ளை. பாசத்தோடுதான் சொன்னான். என் வாயில் பிறந்த வார்த்தைக்கு எனக்கே அர்த்தம் சொல்லிக் கொடுத்தான் பார். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டிய கதை. நீ போய் ஒரு வருஷம் ஓடிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்தப் பாட்டுக்கு யார் பேரைப் போடுவது என்று என்னிடம் கேட்டார்கள். நான் ஒரு பதில் சொல்லிவிட்டேன். சரியோ தப்போ, உனக்குத் தெரிய வேண்டும்.

எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்தே சொல்கிறேன்.

ஆட்கள் முன்னால் உன்னை 'நீங்க' என்பேன். கதவைச் சாத்திவிட்டால் ராக்குதான். அந்தப் பேரை வைத்ததே என் அம்மா. பெண் பார்க்க வந்த அன்று, "மாப்பிள்ள ஸ்டோருல வேல பாக்கறாரு, சரி. மத்த நேரத்துல என்னா பண்ணுவாரு?" என்று கேட்டாள். தேயிலைத் தொழிற்சாலைக்கு நம் பக்கத்தில் ஸ்டோர் என்றுதானே பேர். நீ அடக்கமாக, "ராக்கு பாடுவேங்க அத்த" என்றாய்.

"எந்த ராக்கு? மேல் லயத்து ராக்காயியா? அவ செத்து ரொம்ப நாளாச்சே. அவளப் பத்தி என்னாத்தப் பாடறது?"

உன் சிநேகிதன் அந்தோனி குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி மூக்கால் வந்தது. அன்றைக்கு விழுந்த பேர். கடைசிவரை அம்மாவுக்கு ராக் என்றால் என்னவென்று விளங்கவில்லை. "நல்ல மனுசன்தான், என்னத்துக்கு இப்பிடிக் கத்துறாரு" என்பாள்.

அந்தக் கடைத் தம்பியிடம் சொல்லாமல் வந்ததை இங்கே எழுதுகிறேன். தோட்டத்தில் பேர் என்றால் ஆளுடைய பேர் மட்டும் இல்லை. ஒரு நாள் வேலைக்கும் அதுதான் பேர். எடுத்த கொழுந்து நிறையில் சரியாக இருந்தால் கணக்கப்பிள்ளை பேர் போடுவார். குறைந்துபோனால் அரைப்பேர். நாள் முழுக்க மலையில் நின்றிருப்போம், சம்பளம் பாதி நாளைக்குத்தான்.

அன்று விடிந்ததிலிருந்து மழை. கொழுந்து கைக்கே வரவில்லை. சரிவில் இறங்கும்போது வழுக்கி விழுந்து கூடையில் பாதி மழைத்தண்ணி ஓடுகிற கானுக்குள் போய்விட்டது. கணக்கப்பிள்ளை நிமிர்ந்து என் முகத்தைக்கூடப் பார்க்காமல் அரைப்பேர் போட்டார். அவரிடம் கத்த முடியுமா? வீட்டுக்கு வந்துதான் கத்தினேன். நீ வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து கிடாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தாய். நான் சட்டி மூடியை அடுப்புத் திட்டில் அடித்துக்கொண்டே ஏசினேன்.

"மழைய நானா வரச் சொன்னேன்? மலைய நானா வழுக்கச் சொன்னேன்? அரைப்பேரு போட நான் என்னா அரை ஆளா? பேரப் போடுங்கறேன், முழுப்பேரப் போடு."

நீ தலையைத் தூக்கினாய். "இன்னொருவாட்டி சொல்லு."

"என்னாத்த?"

"அந்த அரை ஆளு. அதே மாதிரி கத்திச் சொல்லு. மூடியையும் அடி."

"உன் மண்டையில அடிப்பேன்."

"வேணாம். அந்தச் சத்தம் பாட்டுக்குச் சேராது."

எனக்கு வந்த கோபத்தில் அன்று உனக்குச் சோறு போட்டேனா இல்லையா என்றுகூட ஞாபகமில்லை. நீயும் சாப்பாட்டைக் கேட்கவில்லை. மறுநாள் ஸ்டோரிலிருந்து வரும்போதே மெட்டைக் கொண்டுவந்தாய். அங்கே கொழுந்தை முறுக்கிச் சுற்றுகிற பழைய மெஷின் ஒன்று, சுற்றி வரும்போது ஓரிடத்தில் மட்டும் மூச்சுப் பிடித்த மாதிரி நிற்கும், பிறகு தடதடவென்று ஓடும் என்றாய். அதைத்தான் பாட்டில் வைத்தாய். 'அரைப்பேரு' என்றதும் கிடார், டிரம், எல்லாம் நின்றுபோகும். கேட்கிறவர்களுக்கும் மூச்சு நிற்கும். பிறகு மொத்தமாக விழும். ஏசினது நான்தான், ஆனால் அந்த நிறுத்தம் எனக்கு வராது. அது உன்னுடையது.

முதல்முதலில் அதை வட்டவளையில் ஒரு கல்யாண வீட்டில் பாடினாய். முன் வரிசையில் யார் என்று பார்த்தால் நம் கணக்கப்பிள்ளை ஐயா, பட்டு வேட்டியோடு. நான் கண்ணைக் காட்டுகிறேன், கையைக் காட்டுகிறேன், நீ பார்க்கவே இல்லை. மைக்கைப் பிடித்து, "இசை நான். வார்த்தை வீட்டுக்காரம்மா" என்றாய். நான் பந்தி நடக்கிற இடத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்தே கேட்டேன். அந்த நிறுத்தம் வந்ததும் பரிமாறிக்கொண்டிருந்தவன் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். பிறகு பெண்கள் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது பார், கூரைத் தகரம் அதிர்ந்தது. அத்தனை பேரும் அரைப்பேர் வாங்கினவர்கள்.

மறுநாள் மலையில் கணக்கப்பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னாம்மா, என்னய வச்சுப் பாட்டெல்லாம் வருதாம்?"

"ஐயாவ இல்லீங்க. மழையத்தான் ஏசினேன்."

"மழைக்குப் பேரு போடத் தெரியாதேம்மா."

நிரையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார்.

பிறகு சில வருஷம் அந்தப் பாட்டு நம் மலைகளில் மட்டும்தான் ஓடியது. கல்யாணம், திருவிழா, பஸ் டிரைவர்களின் போன், அவ்வளவுதான். இறம்பொடையில் நீர்வீழ்ச்சி பார்க்க வந்த கொழும்புப் பிள்ளைகள் அப்படி ஒரு பஸ்ஸில்தான் அதைக் கேட்டார்களாம். விசாரித்து விசாரித்து நம் லயத்து வரிசை வீட்டுக்கே வந்துவிட்டார்கள். பாடுகிற பிள்ளைக்கு அப்பா சிங்களம், அம்மா தமிழ். நம் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் கால் வைக்க இடமில்லாமல் உட்கார்ந்து நாள் முழுக்கப் பாடினீர்கள். நான் அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு மட்டும் கேட்டது, பேச்சுக் காதில் விழவில்லை. "நாங்களும் பாடலாமா அங்கிள்?" என்று கேட்டாளாம், "தாராளமா" என்றாயாம். போகும்போது அவள் உன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

அடுத்த வருஷம் நாடே பாடியது. பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்காவின் மகள்தான் அந்தப் பாட்டுப் படத்தைப் போனில் காட்டினாள். கணக்கப்பிள்ளையும் இல்லை, கொழுந்தும் இல்லை. கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் அட்டையில் அவரவர் பேரை எழுதித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள், தமிழிலும் சிங்களத்திலும். பேர் என்றால் பேர்தான் என்று நினைத்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நீ சிரிக்கவில்லை. இரண்டாம் தரம் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அட, நம்மளுக்குத் தோணலையே" என்றாய். அதைச் சொல்ல எல்லாருக்கும் மனசு வராது. உனக்கு வந்தது.

நானும் உள்ளதைச் சொல்கிறேன். அந்தப் பிள்ளையின் தொண்டை பெரிய தொண்டை. நான் ஏசினதை நீ பாடினால் கேலி மாதிரி இருக்கும். அவள் பாடினால் நான் ஏசின மாதிரியே இருக்கும். ஆனால் அந்த நிறுத்தத்தை அவர்கள் எடுத்துவிட்டார்கள். பாட்டு வழுவழுவென்று ஓடியது.

படத்துக்குக் கீழே 'மலையக நாட்டுப்பாடல்' என்று போட்டிருந்ததை மாரியாயி அக்கா மகள் வாசித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீயோ, "நாட்டுப்பாட்டுன்னா அதப் பாடினவன் செத்துப் போயிருக்கணுமே. அதுக்குள்ள என்னையப் பொதைச்சுட்டாங்களா" என்று விளையாட்டுப் பேசினாய். போன் எடுத்துக் கேள் என்றேன். மாட்டேன் என்றாய்.

நானுஓயா ஸ்டேஷன் ஞாபகமிருக்கிறதா? ரயிலுக்கு நிற்கும்போது பிள்ளைகள் சிலர் பையின் மேல் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கிடாரில் தேடிக்கொண்டிருந்தார்கள். விரல் தப்பான கம்பியில் இருந்தது. நீ பொறுக்க முடியாமல் போய், ஒருத்தனின் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தாய்.

"அங்கிளுக்கு இந்தப் பாட்டுத் தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் கையைக் கிள்ளினாய். ரயிலில் அட்டன் வரும்வரை சண்டை.

"ஒங்க பாட்டுன்னு சொன்னா என்னா கொறஞ்சு போயிரும்?"

"சொல்லி, அவங்க நம்பாமப் பாத்தாங்கன்னா? அத என்னால தாங்க முடியாது. சொல்லாட்டி, நான் கொஞ்சம் தெரிஞ்ச அங்கிள். அது போதும்."

எனக்குப் போதவில்லை, ராக்கு. அன்றும் போதவில்லை, நீ போன பிறகு சுத்தமாகப் போதவில்லை. ஸ்டோரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த உன்னை லொறியில் ஏற்றினார்கள், ஆஸ்பத்திரி வாசலோடு முடிந்தது. அடக்கத்தன்று அந்தோனி பாட்டைப் போட்டான். உன் குரல் தேடினால் எந்தப் போனிலும் இல்லை, எல்லாம் பழுதாகித் தூக்கி எறிந்த போன்கள். அந்தப் பிள்ளையின் குரல்தான் இருந்தது. உன்னை மண்ணுக்கு அனுப்பும்போதும் அவள்தான் பாடினாள். ஆனால் கேள். 'அரைப்பேரு' என்ற இடம் வந்தது. ஸ்பீக்கர் பெட்டியில் பாட்டு நிற்காமல் போனது. நம் பெண்கள் நின்றார்கள். மூச்சுப் பிடித்து, நீ நிறுத்துகிற அளவுக்கு நின்று, பிறகு ஓடிப்போய்ப் பாட்டைப் பிடித்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அன்று அழுததைவிட எனக்கு அந்த இடத்தில் தலை நிமிர்ந்ததுதான் ஞாபகம். இப்போதும் மலையில் அந்தப் பாட்டை யார் எடுத்தாலும் அந்த இடத்தில் நிற்போம். பஸ்ஸில் அது ஓடும்போது நான் மட்டும் தனியாக நிற்பேன்.

போன வாரம் அந்தப் பிள்ளை வந்தாள். நீ இறந்தது அவளுக்குப் பிந்தித்தான் தெரிந்ததாம். உன் படத்தின் முன்னால் நின்று அழுதாள். எனக்கு இரக்கம் வந்தது, ஆனாலும் கேட்டேன்.

"ஏம்மா அவரு பேரப் போடல?"

"ஆன்ட்டி, நாங்க திருடல. அங்கிள்கிட்ட கேட்டேன், இது யாரோட பாட்டுன்னு. 'எங்க பாட்டும்மா'ன்னார். எங்கன்னா... இங்க உள்ள சனங்க எல்லாருடையதும்னு நினைச்சோம். பழைய பாட்டுன்னு நினைச்சோம்."

இத்தனை வருஷக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கிடாரை யாராவது தொட்டால் 'என் கிடாரு' என்பாய். கோப்பையைக்கூட 'என் கோப்பை' என்பாய். பாட்டை மட்டும் 'எங்க பாட்டு' என்று சொல்லியிருக்கிறாய்.

பாட்டை மறுபடி வெளியிடப் போகிறார்களாம். வார்த்தை யார், இசை யார் என்று தனித்தனியாகப் போட வேண்டும், நீங்கள் சொல்வதைப் போடுகிறேன் என்றாள். மாரியாயி அக்கா கதவில் சாய்ந்துகொண்டு, "ரெண்டு எடத்துலயும் அவரு பேரயே சொல்லுடி. போன மனுசனுக்கு அதாச்சும் கெடைக்கட்டும்" என்றாள். எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. உனக்கு என்று கேட்டு நான் சண்டை போட்டதெல்லாம் அதற்காகத்தானே.

ஆனால் கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்து நீ சொன்னது வேறு. அதைத்தான் சொன்னேன். இசைக்கு உன் பேர், அப்பா பேரோடு முழுசாக. வார்த்தைக்கு என் பேர். எழுத்துக் கூட்டி அவளே எழுதினாள். என் பேரை இவ்வளவு அழகாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அந்த நிறுத்தத்தையும் திரும்ப வைக்கச் சொன்னேன். "எந்த நிறுத்தம் ஆன்ட்டி?" என்றாள். சட்டி மூடியை எடுத்து அடித்துக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

அவள் போனதும் மாரியாயி அக்கா, "அவருக்கு அரைப்பேரு போட்டுட்டியேடி" என்றாள்.

"சேத்துப் பாருங்கக்கா. முழுப்பேருதான்" என்றேன்.

சொல்லிவிட்டேன். ஆனால் ராத்திரி படுத்தால் ஒன்று மட்டும் அரிக்கிறது. வாசல்வரை போனவளைக் கூப்பிட்டு, அதைச் சொல்லும்போது அங்கிள் எந்தப் பக்கம் பார்த்தார் என்று கேட்டேன். ஞாபகமில்லை என்றாள். நீ 'எங்க பாட்டு' என்று சொன்னபோது வெளியே லயத்தைக் கையால் காட்டினாயா, இல்லை, அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த என்னையா?