வாலாஜாபாத்தில் எழுத்தோடு ஓடிய படம்

பிள்ளைப்பாக்கம்
ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம்

அன்பு மகள் எழிலரசிக்கு அப்பா முனிரத்தினம் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் காய்ச்சல், சளி இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். கடிதமா என்று நீ சிரிப்பாய். இன்றைக்கு நடந்ததைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் அம்மா பாதியில் பிடுங்கி அவள் கதையாகச் சொல்லிவிடுவாள், அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதில் யாரும் குறுக்கே பேச முடியாது.

முதலில் டிவி சமாச்சாரம். அம்மா பார்க்கிற ஏழு மணி சீரியலை இப்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். காது போன பிறகுதான் எனக்கு சீரியலின் உண்மையான லட்சணம் தெரிந்தது. மாமியார் கதவைத் திறக்கிறாள், அவள் முகத்தை மூன்று தடவை காட்டுகிறார்கள், பிறகு அந்த அறையில் இருக்கிற ஏழு பேர் முகத்தையும் ஆளுக்கு மூன்று தடவை காட்டுகிறார்கள். சத்தம் இல்லாமல் பார்த்தால் ரேஷன் கார்டுக்கு போட்டோ பிடிக்கிற மாதிரி இருக்கிறது. ஒரு சாவு காட்சியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என் வலது காதில் வாயை வைத்து, "சாவு வூட்ல சிரிக்கிறியே, நீயெல்லாம் இன்னா மனுசன்?" என்று கத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் வாசலுக்குப் போய்விட்டேன். கொஞ்ச நாளாக எங்கள் சாயங்காலம் இப்படித்தான் போனது.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் காது லேசாக மந்தம் என்றுதான் உனக்குத் தெரியும். இடது காது முழுசாகப் போய் நாலு வருஷம் ஆகிறது, வலதில் கத்தினால் கொஞ்சம் கேட்கும். இருபத்து நாலு வருஷம் பிரஸ் ஷாப்பில், இடி மாதிரி விழுகிற மெஷினில் இரும்புத் தகடு அடித்ததில் வந்தது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டியே காலம் தள்ளினேன். போன ஆனி மாதம் நீ போனில் அழுதாயாம், நர்ஸ் பரீட்சையை இன்னொரு தடவை எழுதச் சொல்லிவிட்டார்கள் என்று சொன்னாயாம். நான் ரொம்ப சந்தோஷம்மா, அம்மாவைக் கேசரி செய்யச் சொல்கிறேன் என்றேனாம். அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. மன்னித்துக்கொள் கண்ணு.

நம் மாடி ரூமுக்கு சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மாரிசெல்வி என்று ஒரு பெண் குடி வந்திருக்கிறாள். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது, ஒரகடத்தில் செல்போன் பாகம் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறாள். வாடகை விஷயம் எல்லாம் போனில் டைப் பண்ணித்தான் பேசுவோம். ஒரு நாள் நான் வாசலில் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவள் போனில் ஒரு படத்தைப் போட்டு என்னிடம் நீட்டினாள். கீழே தமிழில் எழுத்து ஓடியது. இரண்டரை மணி நேரம் அசையாமல் பார்த்தேன். யார் என்ன சொன்னார்கள், ஏன் அழுதார்கள், ஒன்று விடாமல் புரிந்தது. படம் என்னவோ சுமார்தான், இடைவேளைக்குப் பிறகு வில்லனுக்கு வேலையே இல்லை. ஆனால் அது சுமார் என்று சொல்கிற யோக்கியதை எனக்குத் திரும்பி வந்ததே, அது போதாதா. அவளிடம் உனக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன். "கதாநாயகி வாய் வேற என்னமோ பேசுது மாமா, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுதா" என்று டைப் பண்ணினாள். வசனம் தெரியாத நடிகை போலிருக்கிறது. அவளுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவள் அழுது தீர்த்திருப்பாள். ஊரே ஏமாந்த இடத்தில் இந்தப் பெண் ஏமாறவில்லை.

இதையே தியேட்டரில் பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றிவிட்டது. நானும் மாரிசெல்வியும் வாலாஜாபாத் தியேட்டர் மேனேஜர் பாண்டுரங்கனைப் போய்ப் பார்த்தோம். எழுத்து படத்தை மறைக்குது என்று ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள், அதோடு தமிழ் எழுத்தோடு படமே வருவதில்லை என்று கைவிரித்துவிட்டார். மாரிசெல்வி விடவில்லை. கம்பெனி பஸ் ஓட்டுகிற ஒரு பெண்ணின் கதையை செந்தமிழன் என்று ஒரு புது டைரக்டர் எடுத்திருக்கிறார், அவருக்கே மெசேஜ் போட்டாள். மூன்றாம் நாள் பதில் வந்தது, தமிழ் எழுத்தோடு ஒரு பிரதி இருக்கிறது, அனுப்புகிறேன், நானும் வருகிறேன் என்று. அதைக் காட்டிய பிறகு பாண்டுரங்கன் இறங்கி வந்தார். ஒரு ஞாயிறு காலைக் காட்சி தருகிறேன், பாதி சீட்டாவது நிரம்ப வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்றார்.

மாரிசெல்வி அவள் ஆட்களைத் திரட்டினாள். இந்த வட்டாரத்துக் கம்பெனிகளில் அவளைப் போல இத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. நான் என் பழைய பிரஸ் ஷாப் ஆட்களின் வீடு வீடாகப் போனேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. எல்லோரும் என்னைப் போலவே தலையாட்டுகிறவர்கள், ஒருவனும் ஒத்துக்கொள்ளவில்லை. இருங்காட்டுக்கோட்டை ஜெபகுமார் மாமாவை உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்குப் பக்கத்து மெஷினில் நின்றவர். என் காதுக்கு இன்னா கேடு, நீ செவிடுன்னா ஊரே செவிடா என்று கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது, எதற்கு இந்த வேலை, பேசாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

இன்றைக்குக் காலை தியேட்டர் ரொம்பிவிட்டது எழில். பாதி இல்லை, முழுசாக. ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். கடைசி வரிசையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஜெபகுமார் உட்கார்ந்திருந்தார். படம் ஓடிப் பத்து நிமிஷத்தில் கீழே வருகிற எழுத்தை அவர் சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டாராம், அம்மா சொன்னாள். சத்தமாகப் படிக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. யாரும் அதட்டவும் இல்லை, அங்கே யாருக்குக் கேட்டது?

படம் முடிந்ததும் அத்தனை பேரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்கள். அவர்களுக்கு அதுதான் கைதட்டல். அவ்வளவு கைகளை ஒன்றாகப் பார்த்ததும் என் கண் நிறைந்துவிட்டது, நானும் தூக்கினேன். டைரக்டர் மேடையேறி, படத்தைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டதை அம்மா என் வலது காதில் சொன்னாள். என் குரல் எவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்கே தெரியாததால் நான் நாலு பேர் முன்னால் பேசுவதையே விட்டிருந்தேன். ஆனாலும் எழுந்துவிட்டேன். படம் நன்றாக இருக்கிறது, அந்தப் பெண் மழையில் பஸ்ஸை நிறுத்துகிற இடம் பிரமாதம் என்றேன். பிறகு சொன்னேன், "உங்க படத்துல பிரஸ் மெஷின் பக்கத்துல நின்னுகினு ரெண்டு பேர் ரகசியம் பேசுறாங்க சார். அங்க எவனும் ரகசியம் பேச முடியாது. பேச முடிஞ்சிருந்தா எனக்கு இந்தக் காது போயிருக்காது."

அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்த டைரக்டர் இறங்கி வந்து என் முகத்துக்கு நேராக நின்று, வாயசைவு தெரிகிற மாதிரி நிதானமாக, தப்புதான் ஐயா, அடுத்த தடவை உங்களைக் கேட்டுத்தான் எடுப்பேன் என்றார். அப்போது பின்னால் ஜெபகுமார் எழுந்து, துண்டை எடுத்துவிட்டு, "எனக்கும் போச்சு சார், ரெண்டு காதும்" என்று கத்தினார். அவரைத் தொடர்ந்து ஒவ்வொருத்தராக எழுந்து நின்றார்கள், பதினொரு பேர், எல்லாம் எங்கள் ஷாப்காரர்கள். பாண்டுரங்கன் இனி மாதா மாதம் முதல் ஞாயிறு காலை எழுத்தோடுதான் படம், என்ன படம் என்று நீங்களே சொல்லுங்கள் என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் வரும்போது அம்மா, படத்தில் அந்த பஸ் ஓட்டுகிற பெண் கடைசியில் தன் புருஷனை மன்னித்திருக்க வேண்டும் என்றாள். நான் கூடாது என்றேன். அவள் டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதி எழுதிக் காட்டினாள், டிக்கெட் தீர்ந்ததும் உள்ளங்கையில் எழுதினாள். வீடு வருகிறவரை நல்ல சண்டை. நாலு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் இவ்வளவு பேசியதில்லை.

பரீட்சையைப் பயப்படாமல் எழுது, இந்தத் தடவை ஜெயித்துவிடுவாய். டியூட்டி என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். எல்லாம் வல்ல அந்த முருகன் உங்கள் இரண்டு பேரையும் நோய் நொடி இல்லாமல் காக்கட்டும். இனிமேல் என்னிடம் ஒன்று சொல்ல வேண்டுமானால் டைப் பண்ணி அனுப்பு, நல்லதோ கெட்டதோ முழுசாக எழுது. புருஷனை மன்னிக்க வேண்டும் என்று மட்டும் எழுதிவிடாதே, அம்மா கட்சிக்கு ஆள் சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
உன் அப்பா
கோ. முனிரத்தினம்