கப்பல் படியில் கழற்றிய செருப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அன்னூரில் மழை உண்டா? ஸ்காட்லாந்தில் நாங்கள் மூவரும் நலம்.

ஞாயிறன்று, துறைமுகத்தில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பழைய பாய்மரக் கப்பலைப் பார்க்கப் போனோம். முகப்பில் மரத்தில் செதுக்கிய பெண் சிலை. "சாமியாட்ட இருக்குதுங்க" என்று உங்கள் மருமகள் படியருகே செருப்பைக் கழற்றிக் கும்பிட்டாள். பாப்பாவும் ஷூவைக் கழற்றினாள். டிக்கெட் பார்ப்பவர் சிரித்தார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்துவிட்டேன் அம்மா. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள்.

விபூதி தீர்ந்துவிட்டது, யாராவது வந்தால் கொடுத்தனுப்புங்கள். உங்கள் மருமகளுக்குப் போன் போட்டுக் கொஞ்சம் பேசுங்கள்.

பாப்பா இப்போது சாமி படத்தின் முன்னாலும் ஷூவோடு நிற்கிறாள். ஏன் கண்ணு என்றால், "கழட்டுனா நீங்க சிரிப்பீங்கல்லப்பா?" என்கிறாள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

தமிழ்வேந்தன்