ஒட்டாத மூடி

புதுப் பசைப் புட்டியை இன்று திறந்தேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் நீங்கள் பக்கத்து அறையில் இருப்பதாக ஒரு நொடி நினைத்தேன். பிறகு அதுவும் போய்விட்டது. இப்போதெல்லாம் எனக்கு எதுவும் நீடிப்பதில்லை, அழுகைகூட.

மேசையில் உங்கள் ஜெர்மன் வண்டி நிற்கிறது. உலகப் போரில் எதிரி டாங்கிகளை உடைப்பதற்கென்றே செய்த வண்டியின் சின்ன மாதிரி. பாகம் பாகமாக ஒட்டிச் சேர்க்க வேண்டியது, பெங்களூரில் பெட்டியோடு வாங்கி வந்தீர்கள். "கல்யாண நாளுக்குச் சேலை எடுக்கப் போன மனுஷன் டாங்கி வாங்கிட்டு வந்திருக்காரு" என்று தெருவுக்கே சொன்னேன்.

"டாங்கி இல்ல, டாங்கிய அடிக்கிற வண்டி. இதுக்குத் தலை திரும்பாது பாரு. குறி வைக்கணும்னா உடம்போட திரும்பணும்" என்றீர்கள். கழுத்து வலியால், நான் கூப்பிட்டால் நீங்களும் உடம்போடுதான் திரும்புவீர்கள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

நான் முதல் ஷிப்ட், நீங்கள் இரண்டாவது. விடியலில் நான் கம்பெனி பஸ் ஏறும்போது நீங்கள் தூக்கம். நீங்கள் வீடு திரும்பும்போது நான் தூக்கம். ஞாயிறு தவிர நாம் பேசிக்கொண்டதெல்லாம் இந்த வண்டி வழியாகத்தான். வேலைக்குக் கிளம்புமுன் நீங்கள் ஒரு பாகம் ஒட்டுவீர்கள், வந்ததும் நான் ஒன்று. சர்க்யூட் போர்டில் வேலை செய்து பழகிய கை என்று, பொடிசாக இருப்பதையெல்லாம் என் தலையில் கட்டுவீர்கள். ஒருவர் முறையை மற்றவர் தொடக் கூடாது என்பது உங்கள் சட்டம். முடித்ததும் அடுத்தவருக்கான பாகம், பசை, இடுக்கி மூன்றையும் எடுத்து வைக்க வேண்டும்.

"அடுத்த ஷிப்ட் ஆளு வந்து தேடிட்டு நிக்கக் கூடாதும்மா."

கடைசியில் வண்டியின் மேல் மூடி ஒன்றுதான் பாக்கி. உங்கள் முறை. முந்தின மாலையே எடுத்து வைத்திருந்தேன். மதியம் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அவ்வளவுதான். எல்லாம் முடிந்து வந்து பார்த்தால் மூடி நான் வைத்தபடியே இருந்தது. ஏன் ஒட்டவில்லை? நேரமாகிவிட்டதா? அப்போதே வலித்ததா? டாக்டர் என்னென்னவோ சொன்னார், எதுவும் காதில் ஏறவில்லை. எனக்கு இது ஒன்று தெரிந்தால் போதும்.

போன வாரம் குந்தாரப்பள்ளியிலிருந்து உங்கள் தம்பி வந்தான். வண்டியை உங்கள் போட்டோ பக்கத்தில் வைக்கக் கண்ணாடிப் பெட்டி செய்து எடுத்து வந்திருந்தான்.

"அண்ணி, இது ஒண்ணுதான பாக்கி? நான் ஒட்டிடறேன்" என்று மூடியைக் கையில் எடுத்தான்.

"கீழ வை! அது உங்கண்ணன் முறை."

போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். நீங்கள் போனபின் எனக்குள் ஏதோ அசைந்தது அப்போதுதான். பாவம், காபிகூடக் குடிக்காமல் போய்விட்டான். அவன் போனதும் பசைப் புட்டியை எடுத்துப் பார்த்தேன். உறைந்து கிடந்தது. அதனால்தான் இந்தப் புதுப் புட்டி.

நீங்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும். பைத்தியம் ஒன்றும் பிடித்துவிடவில்லை. ஆனாலும் விடியலில் கிளம்புமுன் மூடி, பசை, இடுக்கி மூன்றையும் எடுத்து வைக்கிறேன். திரும்பி வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசையைப் பார்க்கிறேன்.

எல்லாம் வைத்தபடியே இருக்கின்றன. உங்கள் முறை இன்னும் முடியவில்லை.